எட்டு பி வகுப்புக்கு யார் போவது

1.
இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. கணக்கு டீச்சரான என் அக்கா சாப்பிட்டுக்கொண்டே சொன்னது. எழுதிக்கொள், ஆனால் என்னை ஒல்லியாக எழுது என்றாள். சரி, ஒல்லியான அக்கா. [பொய். அந்த வரியை அடிக்க மனமில்லை.]

பள்ளி நிர்வாகம் என்பது ஆசிரியர்களின் மன உற்சாகத்தை எவ்வாறு

வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

2.
மறுபடி ஆரம்பிக்கிறேன். ஒரு டீச்சர் லீவு போட்டால், அந்த நேரத்தில் வகுப்பில்லாத இன்னொருவர் அங்கே போகவேண்டும். பழைய தலைமை ஆசிரியர் நாற்காலியை விட்டு எழாமல் சிவப்பு மையில் பெயர் எழுதிச் சீட்டு அனுப்புவார். பியூன் தலை தெரிந்ததும் ஸ்டாஃப் ரூம் காலி. அக்கா ஒருமுறை ஆய்வகத்தில் எலும்புக்கூட்டின் பின்னால் ஒளியப் போனாள். அங்கே அறிவியல் சார் ஏற்கெனவே ஒளிந்திருந்தார். (எலும்புக்கூடு நான் சேர்த்ததில்லை, சத்தியமாக.)

நான்கு வருடம் இப்படியே போனதில் வெறுத்துப்போய் இடமாற்ற மனு எழுதிவிட்டாள். கொடுக்கக் கடைசி நாள், ஒரு வெள்ளிக்கிழமை.

3.
அந்த வெள்ளிக்கிழமைக்கு ஒரு மாதம் முன்பு புதிய தலைமை ஆசிரியை வந்தார். இவ்வளவு நல்லவரை எழுதினால் நீங்கள் நம்புவீர்களா என்று எனக்குச் சந்தேகம். அதனால் ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன்: மூக்குக்கண்ணாடியை நாள் முழுக்கத் தேடுவார்.

அவர் ஸ்டாஃப் ரூமில் காலி பிஸ்கட் டப்பா ஒன்றை வைத்தார். ஆளில்லாத வகுப்புகளின் சீட்டுகள் அதற்குள். ஓய்வில் இருப்பவர்கள் எடுக்கவேண்டும், முதல் கை அவருடையது. முதல் நாளே எட்டு பி விழுந்தது. அது புலிக்கூண்டு. புடவையெல்லாம் சாக்பீஸ் தூளோடு திரும்பியவர், இதை எப்படித் தினமும் சமாளிக்கிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த அறையில் அப்படியொரு சிரிப்பை அக்கா கேட்டதே இல்லை.

பிறகு யாரும் ஒளியவில்லை. எலும்புக்கூடு தனியாகிவிட்டது. திறந்து திறந்து மூடியதில் டப்பாதான் நெளிந்தது.

4.
வெள்ளிக்கிழமை. முன்பே எழுதிவைத்த மனுவை இப்போது நேரில் கொடுக்க அக்காவுக்குக் கூச்சம். எப்படியும் மேடம்தானே முதலில் எடுப்பார் என்று மனுவை மடித்து டப்பாவில் போட்டுவிட்டாள். மேடம் எடுத்தார். கண்ணாடி இல்லை. எந்த வகுப்பென்று பார்க்கச் சொல்லி அறிவியல் சாரிடம் நீட்டினார். அவர் படித்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

மேடம் அதை வாங்கிக் கண்ணருகே வைத்துப் படித்தார்.

"உங்க இடத்துக்கு யாருன்னு நான் சீட்டுப் போட முடியாதும்மா. போகணும்னா சந்தோஷமா கையெழுத்துப் போடறேன். நாலு மணிக்குள்ள சொல்லுங்க."

மனுவை அக்கா கையில் கொடுத்துவிட்டு வேறு சீட்டு எடுத்தார். எட்டு பி.

"குடுங்க மேடம், நான் போறேன்," என்றாள் அக்கா.

5.
நாலு மணிக்கு? மனுவைக் கிழித்தாள் என்று எழுதிப் பார்த்தேன், சினிமாவாக இருந்தது. கையெழுத்து வாங்கினாள் என்று எழுதினேன், என் கண்ணே கலங்கியது. நடந்தது எனக்குத் தெரியும். ஆனால் அதை மட்டும் எழுதக்கூடாதென்று அக்காவின் உத்தரவு.

முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்: விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இன்று காலை, அக்கா பாட்டு முணுமுணுத்தபடி அரைமணி முன்பே கிளம்பினாள். எந்தப் பள்ளிக்கு என்று சொல்ல மாட்டேன். கையில் புத்தம்புது பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது, காலியாக.