அலாரம் அடித்தாலும் எழக் கூடாது

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வெண்டிலேட்டர் அக்கா என்று பெயர். தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுவிடத் திணறுகிறவர்களுக்கு மெஷின் பொருத்துவது, அதைத் திருகித் திருகி அவர்கள் நுரையீரலோடு ஒத்துப்போக வைப்பது, தேறியவர்களை மெல்ல மெல்ல மெஷினிலிருந்து பிரிப்பது, இதெல்லாம்தான் வேலை. கையில் இருந்தது டிப்ளமோ மட்டும். அவளிடம் வேலை பழகிய பொடிசுகள் எல்லாம் பட்டத்தைக் காட்டி மேலே ஏறிப் போக, அக்கா மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தாள். "பட்டம் இல்லாம பொறுப்பாளர் பதவி கிடையாதுக்கா, நான் என்ன பண்ணட்டும்" என்று நிர்வாகி உதட்டைப் பிதுக்கினார். அன்று சாயங்காலமே ஆன்லைன் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டாள். ரோஷக்காரி.

ரோஷத்தில் சேர்ந்தாளே தவிர, படிக்கப் படிக்க ருசி தட்டிவிட்டது. கை தானாகச் செய்துகொண்டிருந்த காரியங்களுக்கெல்லாம் காரணம் தெரிய ஆரம்பித்தது. பஸ்ஸில் பாடம் கேட்டாள், துணி மடித்துக்கொண்டே பாடம் கேட்டாள். எல்லாப் பரீட்சையும் தேறி, கடைசியில் ஒரே ஒரு பாடம் மிஞ்சியது. ஆய்வு முறைகள். புள்ளிவிவரம் என்றாலே அவளுக்குப் பயம்.

பரீட்சை வீட்டில்தான், எழுதி முடித்ததுமே முடிவும் திரையில் வந்துவிடும். ஆனால் கம்ப்யூட்டர் கேமரா கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும். முகம் திரையை விட்டு விலகினால் பரீட்சை ரத்து, பேச்சுக்கே இடமில்லை.

முதல் தடவை பாதி எழுதியிருப்பாள். பக்கத்து அறையில் மாமனாரின் ஆக்ஸிஜன் மெஷின் கீச்கீச்சென்று கத்தியது. எழுந்தோம் என்று அவளுக்கே தெரியாது, எழுந்து ஓடியிருந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் வருடக்கணக்காக நின்ற உடம்பு அது. கடையில் பில் போடும் மெஷின் கத்தினாலே கழுத்து திரும்பிவிடும்.

மாமனார் கட்டிலில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமில்லம்மா, டியூப் மேலயே உக்காந்துட்டேன் போல" என்றார். திரும்பி வந்தால் திரையில் 'தேர்வு ரத்து'.

அவர் பல வருடம் பஸ் ஓட்டியவர். புகையும் புழுதியும் சிகரெட்டும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. வாய் மட்டும் அப்படியே இருந்தது. ஆனால் அன்று அவர் சாப்பிடக்கூட வரவில்லை. மகனைக் கூப்பிட்டு, "அடுத்த பரீட்சைக்கு என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுடா. என்னால இந்தப் பொண்ணு வாழ்க்கையில மண்ணு விழ வேண்டாம்" என்றார்.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க எங்கயும் போக வேண்டாம் மாமா. இங்கயேதான் இருக்கப் போறீங்க. நான் எழுந்திருக்காம இருக்கக் கத்துக்கறேன். நீங்க மெஷினைப் பார்த்துக்கக் கத்துக்கணும்."

"டாக்டரம்மா வீட்லயே இருக்கும்போது எனக்கெதுக்கும்மா அதெல்லாம்?"

"நான் டாக்டரும் இல்ல, அன்னைக்கு வீட்ல இருக்கவும் போறதில்ல. பரீட்சையில இருப்பேன்."

இன்னொரு தடவைதான் பல்கலைக்கழகம் இடம் கொடுக்கும். அதிலும் கோட்டைவிட்டால் கடைசி வருடம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். அதற்குள் பொறுப்பாளர் நாற்காலியில் வேறு யாராவது உட்கார்ந்துவிடுவார்கள். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அப்புறம் நடந்த கூத்தை எழுதினால் நம்ப மாட்டீர்கள். அக்கா புத்தகத்தோடு உட்காருவாள். லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் பக்கத்து அறைக்கு நழுவி, மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு எட்டிப் பார்ப்பான். மெஷின் கத்தும், இவள் கழுத்து திரும்பும். "திரும்பிட்ட!" என்று கணவன் கத்துவான். மறுபடி முதலிலிருந்து. அந்தப் பக்கம் மாமனாருக்கும் விடுதலை இல்லை. பிளக்கைப் பார், டியூபைப் பார், இரண்டும் சரியாக இருந்தால் மெஷினை அணைத்துவிடு, மாற்றுக்கு வைத்திருக்கும் சிலிண்டரைச் சாவி போட்டுத் திற, டியூபை அதற்கு மாற்று. சாவியை எந்தப் பக்கம் திருப்புவது என்று அவர் தினமும் மறந்தார், தினமும் திட்டினார், தினமும் செய்தார். மருமகளுக்குக் கழுத்து அடங்கவும் மாமனாருக்குக் கை பழகவும் கிட்டத்தட்ட ஒரே சமயம் ஆயிற்று.

ஓர் ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார்கள். "அலாரத்துக்கு வர மாட்டேன். ஆனா உங்களால முடியலைன்னா டம்ளரால சுவத்துல தட்டுங்க. தட்டினா, பரீட்சையாவது ஒண்ணாவது, அடுத்த நிமிஷம் அங்க இருப்பேன்."

"தட்டினாத்தானே" என்றார் மாமனார்.

பரீட்சை நாளில் கணவன் லீவு போட்டுத் தயாராக இருந்தான். தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் போன் வந்தது. எங்கோ லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டார்களாம். வேறு மெக்கானிக் இல்லை. அவன் வாசலில் நின்று கையைப் பிசைந்தான். "போடா, அவங்களும் மூச்சு முட்டித்தானே கிடப்பாங்க" என்று அப்பாவே விரட்டினார். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

கேள்விகள் அவள் பயந்த அளவுக்கு இல்லை. மளமளவென்று போய்க் கடைசிச் சில கேள்விகளுக்கு வந்துவிட்டாள். அப்போது மெஷின் கத்தியது.

கழுத்து நரம்பு இழுத்தது. திரும்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைப் படித்தாள், ஒரு வார்த்தையும் மண்டையில் ஏறவில்லை. இப்போது பிளக்கைப் பார்ப்பார். இப்போது டியூபைத் தடவுவார். அலாரம் நிற்கவில்லை. அப்படியானால் மெஷினிலேயே கோளாறு. சிலிண்டர்தான். கட்டிலை விட்டு இறங்க வேண்டும், இறங்கினாலே அவருக்கு இரைக்கும்.

டங்கென்று டம்ளர் சத்தம்.

தட்டினாரா, கீழே விழுந்ததா? மறுபடி தட்டுவாரா என்று காதைத் தீட்டினாள். தட்டவில்லை. தட்ட முடியவில்லையோ? அவள் இரண்டு கையையும் மேஜையில் ஊன்றிவிட்டாள். பட்டமும் வேண்டாம் பதவியும் வேண்டாம், அவர் மூஞ்சியைப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

அப்போதுதான் சுவரைத் தாண்டி அந்தக் குரல் வந்தது.

"அட சனியன் பிடிச்ச சாவியே, ஒவ்வொரு நாளும் உங்கூட எனக்கு இதே ரோதனையாப் போச்சு, திரும்பித் தொலையேன்!"

அக்கா ஊன்றிய கையை எடுத்தாள். நோயாளி எப்படி இருக்கிறான் என்று அறிய அவள் முதலில் பார்ப்பது மெஷினை அல்ல, பேச்சை. மூச்சுக்குத் தவிக்கிறவன் இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேச மாட்டான். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கித்தான் அடுத்த வார்த்தை வரும். இவரோ ஒரே மூச்சில் நீளமாகத் திட்டியிருக்கிறார். காற்று இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் அலாரம் அடங்கியது. சிலிண்டரின் உஸ் சத்தம் மெல்லக் கேட்டது. அக்கா கேள்வியை முதலிலிருந்து படித்தாள், இந்தத் தடவை மண்டையில் ஏறியது.

கடைசிக் கேள்வியை முடித்து, சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தியதும் ஓடினாள். மாமனார் தரையில், கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் டியூப், பக்கத்தில் சிலிண்டர், உருண்டு கிடந்த டம்ளர். விரலில் ஆக்ஸிஜன் அளக்கும் கிளிப்பை மாட்டிப் பார்த்தாள், அளவு பரவாயில்லை. ஆனால் உதட்டு ஓரத்தில் இன்னும் நீலம் முழுசாகப் போகவில்லை.

"மாமா, இவ்வளவு மோசமா இருந்துச்சா? அவ்வளவு நீளமாத் திட்டினீங்களே!"

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார்.

"அதான்... தெரியுமே. காலையில வந்து... பேசுங்க மாமா பேசுங்க மாமான்னு... என் வாயைக் கிண்டுவியே. எதுக்குன்னு... தெரியாதா எனக்கு? டம்ளர் வேற... கை தவறிடுச்சு. வந்துடுவியோன்னு... பயந்துட்டேன். இருந்ததையெல்லாம் சேர்த்து... ஒரே மூச்சுல விட்டுட்டேன்."

"உங்களுக்குப் பைத்தியமா?" என்று அக்கா சத்தம் போட்டாள். போட்டுக்கொண்டே அழுதாள். அவர் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"அழுகையை... அப்புறம் வச்சுக்க. பாஸா?"

"பார்க்கலை மாமா. அப்படியே ஓடி வந்துட்டேன்."

"அடிப்பாவி! போய்ப் பாரு முதல்ல!"

அவள் போகவில்லை. அவர் உதடு சிவக்கும்வரை அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அவரைக் கட்டிலில் ஏற்றிவிட்டு, பக்கத்து அறைக்குப் போய்த் திரையைப் பார்த்தாள். தேறியிருந்தாள்.