லண்டனில் இல்லாத கணவர்

கதவு திறந்ததுமே சாம்பவிக்கு வீடு பிடித்துவிட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி. பின் ஜன்னல் நிறையக் கடல். இது கிடைத்தால் யாழ்ப்பாணத்தில் அம்மாவிடம் விட்டிருக்கும் மகளை ஜனவரியிலேயே கூட்டி வந்து பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம். இப்போது தங்கியிருக்கும் லொட்ஜ் அறையில் பிள்ளையை வைத்திருக்க முடியாது.

வீட்டுக்காரி நேசமலர் தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்தார். நாலு மணிக்கு இன்னொரு குடும்பம் பார்க்க வருகிறதாம். சொல்லிக்கொண்டே ஊர் எது, எந்தக் கோயிலடி என்று விசாரித்தார். ஊரைச் சொன்ன சாம்பவி, சாதியை அறியக் கேட்கும் அந்தக் கோயிலடியை மட்டும் சிரித்தபடி அவரிடமே திருப்பிக் கேட்டாள். நேசமலர் உற்சாகமாகித் தன் ஊர்த் தேர்த் திருவிழாவில் இறங்கிவிட்டார்.

தப்பிவிட்டோம் என்று நினைத்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது.

"உம்மட அவர் லண்டனில எவடம் பிள்ளை? என்ர தம்பியும் அங்கதான்."

சாம்பவி வாசலில் நின்ற தரகர் காளியப்பனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மின்விசிறியைப் பார்த்தார். தனியாக வரும் பெண்ணுக்கு வீடு கொடுக்கத் தயங்குவார்கள் என்று அவராகவே ஒரு லண்டன் கணவரை உண்டாக்கியிருந்தார்.

ஏதாவது ஓர் இடத்தைச் சொன்னால் போதும், சாவி கைக்கு வந்துவிடும். பிறகு மகளுக்கும் அந்தப் பொய்யைப் பழக்க வேண்டும்.

"அவர் லண்டனில இல்லை, அன்ரி. நாங்கள் பிரிஞ்சிட்டம். நானும் மகளும்தான் இருப்பம். ஏன் பிரிஞ்சனாங்கள் எண்டதை மட்டும் நான் ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை. வீட்டைப் பற்றி என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ."

காளியப்பன் மெல்லச் செருப்பை மாட்டத் தொடங்கினார்.

நேசமலர் கோப்பையைக் கீழே வைத்தார். "இந்த வீட்டில முதல் இருந்தவளும் மனுசன் லண்டனில எண்டுதான் சொன்னவள். அந்தாள் வந்து போகேக்க கொண்டு போகட்டும் எண்டு தம்பிக்கு மிளகாய்த்தூள் இடிச்சுக் குடுத்தனான். தூளும் போகேல்லை, அப்பிடியொரு மனுசனும் இல்லை."

சாம்பவி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"எண்டாலும் பிள்ளை, அவருக்குக் குடி கிடி ஏதும்..."

சாம்பவி முகத்தைச் சுளிக்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்தாள். நேசமலர் சற்றுக் காத்திருந்து பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றினார்.

"சரி, மச்சமோ சைவமோ?"

"மச்சம். மகளுக்கு நண்டெண்டால் உயிர்."

நேசமலர் கைபேசியை எடுத்து, நாலு மணிக்கு வர இருந்தவர்களிடம் வீடு கொடுத்தாயிற்று என்றார். சாம்பவி படிகளில் ஓடி இறங்கியபடியே அம்மாவை அழைத்து, பிள்ளையிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.