காலியாகக் கிடந்த இடம்

மேஸ்திரி டேப்லெட்டில் தண்ணீர்க் குவளைப் படத்தை அழுத்தினார். "ஏய், தண்ணி எங்க?" என்று அவர் பழைய குரல் வர வேண்டும். ஈரத் தரையில் நாற்காலியை இழுத்தது போல ஒரு சத்தம் வந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதே இழுவை. மூன்றாவது முறையும் அழுத்திவிட்டு, அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவர் கேட்பது தண்ணீர் என்று அவளுக்குத் தெரியும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே சொம்பும் இருந்தது. ஆனாலும் அவளுக்குக் கால் நகரவில்லை.

அவர் கட்டடம் கட்டும் மேஸ்திரி. கீழே நின்று கத்தினால் நாலாவது மாடியில் கலவை சுமப்பவனுக்குக் கேட்கும். வீட்டிலும் அதே குரல்தான். உப்பு கேட்பதே சண்டை பிடிப்பது போல இருக்கும். அந்தத் தொண்டையில்தான் நோய் வந்து உட்கார்ந்தது. குரல்வளையையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, பேச்சு மட்டும் போய்விடும் என்றார்கள். "மட்டும்" என்று அவர்கள் சொன்னதை நினைத்து அவள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் வயிறெரிந்தாள்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சர் ஒருத்தி இருந்தாள். அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "ஆபரேஷனுக்கு முன்னாடியே தேவையானதையெல்லாம் அவர் குரல்லயே பதிவு பண்ணிருங்க. ஒரு டேப்லெட் வாங்கிட்டு வாங்க, நான் அதுல படம் படமா போட்டுத் தர்றேன். படத்தைத் தொட்டா அவரே பேசுவார். வாங்குறதைக் கொஞ்சம் நல்லதா பாத்து வாங்குங்க. பதிவு பண்ணதை வேற எங்கயாவது இன்னொரு காப்பியும் எடுத்து வச்சிருங்க."

முதல் பாதி மேஸ்திரி மனைவியின் காதில் விழுந்தது. இரண்டாம் பாதியை டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் மனதுக்குள் கடைத்தெருவுக்கே போய் விலை பேசிக்கொண்டிருந்தாள். பேரத்தில் அவளை யாரும் அடித்துக்கொள்ள முடியாது. சலவைக்கடையில் சட்டை தேய்க்கிற வேலை. அங்கே யார் வீட்டில் எதை வாங்குவதானாலும் அவளைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். மகன் வெளியூரிலிருந்து போன் பண்ணி, "அம்மா, நான் பணம் அனுப்புறேன், நல்ல கம்பெனியா பாத்து வாங்கு" என்றான்.

"நீ ஒண்ணும் அனுப்ப வேணாம், உன் வாடகையைக் கட்டு. நாலு வார்த்தை சத்தம் வர்றதுக்கு எதுக்குடா தங்கத்துல டப்பா?"

கடையில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தவற்றின் விலையைக் கேட்டு அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. வாசலில், செருப்பு குவித்தது போல ஒரு மேசையில், பெட்டி பெட்டியாக வேறொரு ரகம் கிடந்தது. உள்ளே இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட விலையில்லை. "இதுல எத்தனை ஜி.பி. புடிக்கும்?" என்று கேட்டாள். சின்னவள் சொல்லிக்கொடுத்த கேள்வி அது. சின்னவள் என்பது அவளுக்கு அடுத்த மேசையில் தேய்க்கும் பெண்.

"நூத்தி இருபத்தெட்டு. பெட்டியிலயே போட்டிருக்கு பாருங்க."

"உள்ள இருக்குதே, அந்த விலை கூடுனது, அதுல?"

"அதுல அறுபத்து நாலுதான்."

விலையும் குறைவு, இடமும் இரண்டு மடங்கு. கடைக்காரனை ஏமாற்றிவிட்டதாகவே அவளுக்கு இருந்தது. அதற்கு மேலும் பேசி ஒரு உறையைச் சும்மா வாங்கிக்கொண்டுதான் வந்தாள். மறுநாள் சலவைக்கடையில் இந்தக் கதையைக் கேட்காதவர்கள் இல்லை.

பதிவு செய்யும் வேலை லேசில் முடியவில்லை. டீச்சர் எழுதிக்கொடுத்திருந்த வாக்கியங்களை மேஸ்திரி படிக்கவே மாட்டேன் என்றார். அப்போதே குரல் கரகரத்துத்தான் இருந்தது. "'எனக்குத் தண்ணீர் வேண்டும்.' இப்பிடி என்னிக்காவது நான் கேட்டிருக்கேனா? நான் பேசுறதைப் பேசுறேன், புடி." அவர் போக்கிலேயே விட்டாள். "ஏய், தண்ணி எங்க?" "ஃபேனைப் போடு, வேகுது." "கதவுல யாரு? என்ன வேணும்?" "வலிக்குது. ஒண்ணும் பண்ண வேணாம், வலிக்குது, அவ்வளவுதான்." மகனுக்கென்று ஒன்று: "எப்படா வர்ற?" அவளுக்கென்று ஒன்றும் சொல்லச் சொன்னாள். அவர், "உனக்கென்னத்த தனியா? எல்லாம் உன்னைத் திட்டுறதுதானே" என்றார். அதையும் பதிவு செய்து ஒரு பூப் படத்துக்குள் வைத்தாள்.

ஆபரேஷன் முடிந்து, கழுத்தில் துளையோடு அவர் வீட்டுக்கு வந்தபோது அந்த டப்பாதான் வீட்டைக் காப்பாற்றியது. வாசலில் மணி அடித்தால் கட்டிலில் படுத்தபடியே கதவுப் படத்தை அழுத்துவார், "கதவுல யாரு? என்ன வேணும்?" என்று பழைய குரல் அதட்டும். ஏதோ விற்க வந்த ஒருவன் படியிறங்கி ஓடியே விட்டான். மேஸ்திரி தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். அவள் அடுப்படியில் வேலையாக இருக்கும்போது வேண்டுமென்றே பூப் படத்தை அழுத்துவார். "அழுத்திக்கிட்டே இருங்க, தேஞ்சு போகட்டும்" என்று அவள் உள்ளிருந்து கத்துவாள். வீட்டில் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று அப்போது தோன்றும்.

ஆனால் பகல் முழுக்க அவர் தனியாகத்தான் கிடந்தார். கூட வேலை செய்தவர்கள் ஆரம்பத்தில் வந்தார்கள். பேச முடியாதவர் முன்னால் என்ன பேசுவது என்று தெரியாமல் பிறகு நின்றுவிட்டார்கள். அவள் வேலை முடிந்து திரும்பும்போது, காலையில் விட்டுப்போன மாதிரியே விட்டத்தைப் பார்த்துப் படுத்திருப்பார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் சின்னவளிடம் சொன்னபோது அவள், "என்கிட்ட சினிமாப் படம் நெறய இருக்குக்கா. ஏத்தித் தரட்டுமா? அதுல இடம் இருக்கா?" என்றாள்.

"இடமா? முக்கால்வாசி காலியாத்தான் கிடக்கு. காலியா கிடக்குறதுக்கும் சேத்துத்தானே காசு குடுத்தேன்."

காலி இடம் என்றால் அவளுக்கு ஆகாது. ஊருக்குப் போகும் பையில் ஓரத்தில் கை நுழைகிற இடம் இருந்தாலும் அதில் ஒரு துண்டைச் சுருட்டித் திணிப்பவள். சண்டைப் படம், சிரிப்புப் படம், அவர் இளவட்டமாக இருந்தபோது வந்த படம் என்று சின்னவள் ஏற்ற ஏற்ற, இன்னும் போடு, இன்னும் போடு என்று பக்கத்திலேயே நின்றாள். மேஸ்திரி பார்த்தார். சாப்பாட்டைக்கூட மறந்து பார்த்தார். சில படங்கள் பாதியில் நின்றன. ஓசியில் வந்ததுதானே என்று இருவரும் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகுதான் அந்தக் காலையில் குவளைப் படம் கர்ரென்றது.

அன்றைக்கு வேலைக்குப் போகாமல், போன் பழுது பார்ப்பவனிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவன் ஒரு கம்பியைச் சொருகி அவன் கம்ப்யூட்டரில் எதையோ ஓட்டிவிட்டு அவளைப் பார்த்தான்.

"எவ்வளவுன்னு சொல்லி வித்தான்?"

"நூத்தி இருபத்தெட்டு."

"எட்டுதான்க்கா இருக்கு. பெட்டியிலயும் பொய், உள்ள காட்டுறதும் பொய். எட்டு நெறஞ்சதும் நிறுத்தணும்ல, இது நிறுத்தாது. இடம் இருக்கு இருக்குன்னு சொல்லிக்கிட்டே, புதுசா வர்றதைப் பழசு மேலயே கொண்டு போய் வைக்கும்."

"எந்தப் பழசு மேல?"

"மொதல்ல எது வச்சீங்களோ அது மேல."

குரலெல்லாம் இன்னும் வரிசையாக அங்கேயே இருப்பதாகத்தான் காட்டியது. ஒவ்வொன்றாக அவன் தொட்டுக் காட்டினான். ஃபேன், கதவு, வலி, மகன். கர்ர், அல்லது ஒன்றுமே இல்லை. பூவைத் தொடப் போனவனின் கையை அவள் பிடித்துக்கொண்டாள். பிறகு அவளே தொட்டாள். அதிலும் ஒன்றுமில்லை. "வேற எங்கயாவது காப்பி இருக்கா?" என்று அவன் கேட்டான். டீச்சர் சொன்ன இரண்டாம் பாதி அப்போதுதான் முழுசாக அவள் காதில் விழுந்தது.

திரும்பும் வழியில் அந்தக் கடைக்கும் போனாள். மேசையில் பெட்டிகள் அப்படியே குவிந்து கிடந்தன. ஒரு தாய் தன் பெண்ணுக்காக விலை பேசிக்கொண்டிருந்தாள். கடைக்காரன் கோபப்படவே இல்லை. "இந்த விலைக்கு நீங்க வேற என்னம்மா எதிர்பார்த்தீங்க? வேணும்னா அதைக் குடுத்துட்டு வேற ஒண்ணு எடுத்துக்கங்க." டப்பாவை அவன் தலையில் போட வேண்டும் போல இருந்தது. போட்டால் இருப்பதும் உடைந்துவிடும் என்று நினைத்தாள். இருப்பது என்ன என்று அடுத்த நிமிடமே நினைவு வந்தது. விலை பேசிக்கொண்டிருந்தவளிடம் வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டாள்.

மேஸ்திரி வாசலிலேயே நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. வலது கை ஆள்காட்டி விரலை உயர்த்தினார். சிமெண்டில் காய்த்துப்போன, நகம் கறுத்த தடித்த விரல். அதை டப்பாவிடம் காட்டி, அழுத்துவது போலச் செய்து, பிறகு தன் நெஞ்சைத் தொட்டுப் புருவத்தைத் தூக்கினார். என்னாலா?

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு தலையசைப்பு போதும். வாய் என்னவோ, "ரொம்ப அழுத்தக் கூடாதாம்" என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன்? அவர் மெல்லத் தலையாட்டினார். அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து அவர் எதையும் அழுத்தித் தொடவில்லை. விளக்குப் பொத்தானைப் புறங்கையால் தட்டினார். கண்ணாடித் தம்ளரை இரண்டு கையாலும் தூக்கினார். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் இஸ்திரிப் பெட்டியின் ஆவியில் நின்று முடிவெடுப்பாள். வீட்டுக்கு வந்து அவர் முகத்தைப் பார்த்ததும் நாளைக்கு என்று தள்ளிவிடுவாள். முன்பு போல இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். அவர் கத்தியிருப்பார், அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், தெரு கேட்டிருக்கும், அதோடு தீர்ந்திருக்கும். திட்டு வாங்க வழியில்லாத குற்றத்தை எங்கே கொண்டு போய் இறக்குவது? அவர் குரலைத் தின்றதே நானும் என் நூற்றிருபத்தெட்டும்தான் என்று மகனிடம் மட்டும் போனில் சொல்லி அழுதாள்.

மகன் நல்லதாக ஒன்றை வாங்கி அனுப்பினான். கனமான பெட்டி, வழவழப்பான கண்ணாடி. எழுதினால் அதுவே படித்துச் சொல்லிவிடுமாம். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி எப்படித் தொடங்குவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அவள் போனை சத்தமாக வைத்து மேசையில் சாய்த்திருந்தாள். மேஸ்திரி எதிரே உட்கார்ந்திருந்தார். எல்லாம் சரியாக வந்ததும் மகன் நிம்மதியாகச் சிரித்தான்.

"இனிமே இதுலயும் படத்தை ஏத்துறேன்னு கிளம்பிடாதம்மா. அப்பா குரல் மேலயே படத்தை ஏத்தித் தொலைச்ச மாதிரி."

அவள் போனைப் பாய்ந்து எடுத்து அணைத்தாள். அதில் பயன் இல்லை. தலையை நிமிர்த்தாமலே நின்றாள்.

மேஸ்திரி புது டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எழுத்துக்களைத் தேடித் தேடி, தொட்டும் தொடாமலும் ஒவ்வொன்றாகத் தட்டினார். பிறகு ஒரு இளைஞனின் குரல் வந்தது. கம்பெனிக்குப் போன் பண்ணினால் காத்திருக்கச் சொல்லுவானே, அவனைப் போல நல்ல மரியாதையான குரல்.

"அப்ப. என் விரல் இல்லியா."

"இல்லீங்க" என்றாள். "உங்க விரல் இல்ல. என்னாலதான்."

அவர் மறுபடி எழுதத் தொடங்கினார். இந்தத் தடவை நீளமாக. ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போவது எதிரிலிருந்தே தெரிந்தது. கழுத்துத் துளையில் மூச்சு வேகமாகப் போய் வந்தது. வரட்டும் என்று அவள் நினைத்தாள். எந்தக் குரலில் வந்தாலும் வரட்டும், எத்தனை வருடத்துத் திட்டானாலும் மொத்தமாக வரட்டும். முந்தானை நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு காத்திருந்தாள். அவர் எழுதியதை ஒருமுறை படித்தார். பேச வைக்கும் பொத்தானுக்குப் போன விரல் அதைத் தாண்டி ஓரத்துக்குப் போனது. கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழியத் தொடங்கியது. வரி வரியாக, முழுவதும் அழியும்வரை விரலை எடுக்கவில்லை. வெறும் வெளிச்சம் மட்டும் அவர் முகத்தில் விழுந்தது. பிறகு ஏதோ சின்னதாகத் தட்டினார்.

"சாப்பாடு போடு" என்றான் அந்த இளைஞன், ரொம்பக் கனிவாக.

வெளியாள் யாரோ வீட்டுக்குள் வந்துவிட்டது போல அவள் சட்டென்று நேராக நின்று, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். மேஸ்திரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.