அரை ஆள்

கிழக்கு வெளுக்கும் முன்பே அட்டைப்பெட்டிப் பட்டறையில் எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். கம்பி அடிக்கும் மெஷினின் பெடலில் ஒரு காலை ஊன்றி, முக்காலியில் பாட்டுக்காரர். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். எதிரே, மெஷினின் வாயருகே உயரப் பலகையில், கால்கள் சூம்பிய மாப்பிள்ளை. பாட்டுக்காரரின் தங்கை புருஷன். சுவரோரம் சாக்கு விரித்து, பெட்டி மடிக்கும் அக்கா. அவளுடைய இடது கையை முன்பொரு நாள் வெட்டு மெஷின் வாங்கிவிட்டிருந்தது. வாசற்படியில், லாரியை எதிர்பார்த்து, சுமை தூக்கும் பெரியவனும் அவன் கூட்டாளியும். முதலாளியின் நாற்காலி மட்டும் காலி.

மாப்பிள்ளை அட்டையின் இரண்டு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து "ம்" என்பான். பாட்டுக்காரர் மிதிப்பார். கம்பி டக்கென்று இறங்கும். "ம்" வருமுன் மிதித்தால் இறங்குவது விரலில்தான். இத்தனை வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது.

"பாட்டை நிறுத்துங்க மச்சான், தூக்கம் வருது."

"உன் குறட்டையை என் தங்கச்சி தாங்கறாளே மாப்ள, என் பாட்டை நீ தாங்கக் கூடாதா?"

அக்கா சிரித்தாள். கூலியைக் குறைக்கப்போவதாக ஒரு பேச்சு அடிபட்டதால், பேச்சில் கெட்டிக்காரன் என்று மாப்பிள்ளையைத்தான் முந்தின நாள் முதலாளியிடம் அனுப்பியிருந்தார்கள். "பேசிட்டேன், கவலைப்படாதீங்க" என்றிருந்தான்.

முதலாளி வந்ததும் உட்காரவில்லை.

"இந்த மாசத்துலேருந்து புது ஏற்பாடு. இந்த மெஷின்ல ரெண்டு பேர் சேர்ந்து ஒரு ஆள் வேலைதான் பாக்குறீங்க. ஒரு கூலிதான். மடிக்கிறதுக்கும் ஒத்தக் கைன்னா அரைக் கூலி."

"உங்க மெஷின் என் கையை அரையாவா தின்னுச்சு? முழுசாத்தானே முழுங்குச்சு!" என்றாள் அக்கா.

"பழசைக் கிளறாதம்மா. உங்களுக்கெல்லாம் வெளியில யார் வேலை குடுப்பா? ஏதோ தருமம் பண்றேன்."

"தருமம் வாங்கவா இருட்டோட எழுந்து வர்றோம்?" என்றார் பாட்டுக்காரர். "மாப்ள, நேத்துப் பேசினதைச் சொல்லு."

மாப்பிள்ளை கையிலிருந்த அட்டையை அடுக்கத் தொடங்கினான். முதலாளி சிரித்தார்.

"அவர் என்னத்தைச் சொல்ல? நேத்தே ஒத்துக்கிட்டார். நாளையிலேருந்து அவர்தான் மேஸ்திரி. முழுக் கூலி."

அக்கா மடித்த பெட்டியைக் கீழே போட்டாள்.

"எல்லாரையும் மொத்தமா நிறுத்தறேன்னார் மச்சான். பாதியாவது மிஞ்சட்டுமேன்னு…"

"எங்களுக்குப் பாதி. உனக்கு?"

பாட்டுக்காரர் பெடலிலிருந்து காலை எடுத்தார். முக்காலி ஆடியது.

"தினம் தினம் என் காலை நம்பி விரலை நீட்டினே. ஒரு நாள் உன் நாக்கை நம்பினேன் மாப்ள. ஒரே ஒரு நாள்."

வாசற்படியிலிருந்து பெரியவன் எழுந்து வந்தான். "முதலாளி, ஒவ்வொரு அட்டைக் கட்டையும் நானும் இவனும் சேர்ந்துதான் தூக்குறோம். அப்ப நாங்களும் அரை ஆளா?"

"உங்களுக்கென்னய்யா? உடம்பு நல்லாருக்கு. நீங்க வேற."

"இன்னிக்கு வேற. நாளைக்கு இடுப்பு போச்சுன்னா?"

வெளியே லாரி ஹாரன் அடித்தது. யாரும் அசையவில்லை. முதலாளி, "மத்தியானத்துக்குள்ள மெஷின் ஓடலைன்னா வேற ஆள் வருவான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தொழிலாளர் அதிகாரிக்குக் கடிதம் எழுத அக்கா உட்கார்ந்தாள். காகிதம் நகராமல் கூட்டாளி பிடித்துக்கொண்டான்.

"'கருணை கூர்ந்து'ன்னு ஆரம்பிக்கட்டுமா?"

"கருணையை அடி" என்றார் பாட்டுக்காரர். "எங்களை முழு ஆளா எண்ணணும், அதுவரைக்கும் மெஷின்ல கால் வைக்கமாட்டோம்னு எழுது."

எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். பாட்டுக்காரர் மை தொட்டுக் கட்டைவிரலை அழுத்தினார். அடுத்து பெரியவன், கூட்டாளி.

"மாப்ள, உனக்கும் எடம் விட்டிருக்கு" என்றார் பாட்டுக்காரர்.

உயரப் பலகை கிறீச்சிட்டது. அவ்வளவுதான்.

"இருக்கட்டும். அந்த எடத்தை அடிச்சிடாதம்மா."

அக்கா உறைக்குள் வைத்து ஒட்டினாள். பெரியவனின் தோளைப் பிடித்தபடி பாட்டுக்காரர் தெருமுனைவரை நடந்தார். தபால் பெட்டியின் வாயைத் தடவிக் கண்டுபிடித்து, கடிதத்தை உள்ளே விட்டார். அது அடியில் போய் விழும் சத்தம் கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.