கம்பியைத் தொட்ட மூங்கில்

காலையில் காபி குடித்த கையோடு நாகராஜ் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மதிலோரம் போய்விடுவார். மூங்கில் கழிகளின் அடிப்பக்கத்தில் முளைத்த சின்னக் கிளைகளை நறுக்குவார். பிறகு ஈரத்துணியால் ஒவ்வொரு கழியையும் துடைப்பார். அப்போதுதான் அந்த மஞ்சள் நிறமும் அதில் ஓடும் பச்சைக் கோடுகளும் தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும். கோவில்பத்தில் யாரைக் கேட்டாலும் அது மூங்கில் வீடுதான்.

நாகராஜுக்கு இரண்டு விசைப்படகுகள் இருந்தன. கடற்கரைப் பக்கம் இருந்தவர், நான்கு வருடத்துக்கு முன் இங்கே வீடு கட்டிக் குடிவந்தார். மூங்கில் கன்றுகளை இறக்கிய நர்சரிக்காரர் அன்றைக்கே சொன்னார்: “மேல கரண்ட் லைன் போவுதுங்க. பத்தடி உள்ள தள்ளி வைங்க. இது வளந்தா மாடிக்கு மேல போயிடும். வருசா வருசம் நுனிய வெட்டி வைக்கணும்.” உள்ளே தள்ளி வைத்தால் கார் நிறுத்த இடம் இருக்காது. நாகராஜ் மதிலை ஒட்டியே நட்டார். நுனியை ஒரு தடவைகூட வெட்டவில்லை.

இந்த வருடம் ஐப்பசி மழை பிடித்ததும் புதுக் குருத்துகள் நாளுக்கு ஒரு முழம் ஏறின. பழைய கழிகள் மழைநீரின் கனம் தாங்காமல் தெருப்பக்கம் வளைந்து மின்கம்பியில் சாய்ந்தன. வாசல் கூட்டும்போது நாகராஜின் மனைவி சந்திரா கை நிறைய இலைகளைப் பொறுக்கி வந்து காட்டினாள். எல்லாம் நுனி கருகியிருந்தன.

“என்னங்க, நேத்து தூறல்ல மேல பொறி பறந்துச்சுங்க. எனக்கு என்னமோ பயமா இருக்கு.”

“வெயில்ல கருகியிருக்கும், போ.”

ஐப்பசியில் ஏது அப்படி வெயில் என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த வாரம் லைன்மேன் கபீர் ஏணியும் அரிவாளுமாக வந்து நின்றான். “அண்ணே, நுனியெல்லாம் லைனை ஒரசுது. ஆறடி எறக்கி வெட்டணும்.”

நாகராஜுக்கு முகம் மாறியது. கார்த்திகை பிறந்ததும் மகள் விஷ்ணுப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம். மேடை போடுவது இந்த மூங்கிலுக்கு முன்னால்தான் என்று மாப்பிள்ளை வீட்டாருக்குப் படமெல்லாம் அனுப்பியாகிவிட்டது. “மொட்டையடிச்ச மூங்கிலுக்கு முன்னாடியா எம் பொண்ணு நிக்கும்? நிச்சயம் முடியட்டும் தம்பி, நானே ஆள வச்சு வெட்டிடுறேன்.”

“மழைக்காலம்ணே. ஈர மூங்கில்ல கரண்ட் எறங்கும். காத்து ஒரு இழு இழுத்தா கம்பி அந்து தெருவுல உழும். ஒங்க வீட்ட மட்டும் பாக்காதீங்க.”

நாகராஜ் போனை எடுத்தார். தர்மலிங்கம் அவருடைய சிநேகிதர். எந்த அலுவலகத்திலும் யாரையாவது தெரிந்து வைத்திருப்பவர். பத்து நிமிடத்தில் கபீரின் போன் அடித்தது. அவன் மூன்று முறை “சரிங்க சார்” என்றான். பிறகு ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, மூங்கிலை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

மீன் கூடையோடு வந்த பூங்கொடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகராஜின் படகு மீனை வாங்கித் தெருத் தெருவாக விற்பவள். “நல்லாத்தானே இருக்கு மூங்கிலு! அண்ணே, நிச்சயத்துக்கு எனக்கும் சொல்லுவீங்கல்ல?”

“ஒனக்குச் சொல்லாமலா!” என்று நாகராஜ் சிரித்தார்.

அதன்பின் மழை விடவில்லை. ஈரம் ஏறும்போதெல்லாம் மேலே வண்டு ரீங்கரிப்பது போல ஒரு சத்தம் கேட்கும். தெருவிளக்கு காரணமில்லாமல் மங்கிப் பிரகாசிக்கும். மதிலோரம் படுத்துக்கொள்ளும் நாய்கள் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டன. சந்திரா இன்னும் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். “பத்து நாள் பொறு” என்றார் நாகராஜ்.

வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானது. படகுகள் எல்லாம் கரையில் நின்றன. மூன்றாம் நாள் காலை தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். படகுகள் கடலுக்குப் போகாத நாட்களில் பூங்கொடி கருவாடு விற்பாள். ஏழு மணி இருக்கும். காற்று மூங்கிலைப் பிடித்து உலுக்கியது. மேலே எதுவோ முறிந்த மாதிரி ஒரு சத்தம். வீட்டு விளக்குகள் அணைந்தன.

“கருவாடேய்...” என்று தெருவில் எழுந்த குரல் பாதியில் நின்றது.

நாகராஜ் கேட்டை நோக்கி ஓடினார். சந்திரா பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள். “எறங்காதீங்க! தண்ணியில கம்பி கெடக்கு!” வாசற்படியில் நின்று இருவரும் கத்தினார்கள். பூங்கொடி குப்புற விழுந்திருந்தாள், அசையவில்லை. கபீர் ஓடிவந்து மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, அவளைத் தூக்கிப் படியில் கிடத்தியபோது உயிர் போய் வெகு நேரமாகிவிட்டது.

மத்தியானம் உடலை எடுத்துப் போனபின் கபீரைக் கூட்டிக்கொண்டு மின்வாரிய அதிகாரி விசாரணைக்கு வந்தார். அவருக்கு முன்பே தர்மலிங்கம் வந்து நாகராஜைத் தனியே அழைத்தார். “நீ வாயத் தொறக்காதே. காத்துல அந்துச்சுன்னு எழுதிட்டா முடிஞ்சுது. நான் பேசிட்டேன். பொண்ணு நிச்சயத்த நெனச்சுக்க.”

நாகராஜ் தெருவைப் பார்த்தார். பூங்கொடியின் புருஷன் அன்பழகன் வடியும் தண்ணீரில் குனிந்து, சிதறிக் கிடந்த கருவாட்டை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். என்ன செய்கிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார். “காத்துலதானே அந்துச்சு?”

சந்திரா கணவனையே பார்த்தாள்.

“இல்லைங்க” என்றார் நாகராஜ். “என் மூங்கில்தான் இழுத்து அறுத்துச்சு. இந்தத் தம்பி வெட்ட வந்தாப்ல. நான்தான் ஆள் புடிச்சுத் திருப்பி அனுப்புனேன். அப்படியே எழுதுங்க.”

தர்மலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாகராஜ் நிறுத்தவில்லை. “என் மதிலுக்குள்ள நட்டது, என் இஷ்டம்னு இருந்தேன். வேர்தாங்க என் வீட்டுல இருந்துச்சு, நுனி ஊர் தலைக்கு மேல இருந்துச்சு. செடி வளக்கறது தப்பில்ல. அடுத்தவங்க உயிருக்கு ஆபத்துன்னு ஒருத்தன் வந்து சொன்னப்பறமும், சிபாரிசு புடிச்சு அதக் காப்பாத்துனேன் பாருங்க, அதுதாங்க இந்தப் பொண்ணக் கொன்னுடுச்சு.”

அன்பழகன் கூடையோடு நிமிர்ந்தான். அவன் கண்ணில் கோபம்கூட இல்லை.

“இத அன்னிக்கு அந்தத் தம்பி ஏணியோட வந்து நின்னப்ப நெனச்சிருக்கலாமேண்ணே” என்றான்.