முள்கம்பி பார்க்காத தோல்

ஊரார் உட்காரும் பொருளை விற்றுச் சேர்த்ததில், யாரும் உட்காரக் கூடாத பொருள் ஒன்றை முதலாளி வாங்கினார். விற்றது கழிப்பறைப் பீங்கான். வாங்கியது சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு, இரண்டே சீட், இரண்டும் பாலாடை நிறத்தில் அசல் தோல்.

கார் விற்ற ஆள் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டான். இந்தத் தோலுக்கான மாடுகளை முள்கம்பி வேலி இல்லாத இடமாகப் பார்த்துத்தான் வளர்ப்பார்களாம், ஒரு கீறல் விழாமல் இருக்க. முதலாளிக்கு அது போதும். கடையில் குழாய் வாங்க வந்தவரிடம் சொன்னார், பல் பிடுங்கிய மருத்துவரிடம் வாயில் பஞ்சோடு சொன்னார். மாடு வளர்ந்த விதத்தைப் பற்றி இவ்வளவு பேசியவர், மனைவி வளர்ந்த விதத்தைப் பற்றி எங்கேயும் வாய் திறந்ததில்லை. அவள் கல்யாணத்துக்கு முன்பு அப்பாவின் ரொட்டி வேனைத் தெருத்தெருவாக ஓட்டியவள். அது வெளியே தெரிய வேண்டாம் என்பது அவர் உத்தரவு.

கார் வந்த வாரமே சீட் கவர்க்காரரை வரவழைத்தார். அவர் அளவு நாடாவோடு குனிந்து, மாப்பிள்ளைக்குக் கோட்டு தைப்பதுபோல் பக்கத்து சீட்டை அளந்துகொண்டு போனார். ஓட்டுகிற சீட்டுக்கு உறை கிடையாது. தன் பின்புறத்தின் தரத்தில் முதலாளிக்கு எப்போதுமே சந்தேகம் இருந்ததில்லை.

பக்கத்து சீட்டுக்கு இரண்டு உறைகள். ஒன்று தடித்த பழுப்பு ரெக்சின். அது உறவினர், நோயாளி, குழந்தைகளுக்கு. இன்னொன்று சாம்பல் நிறத் துணி. நண்பர்களுக்கும் நாள்பட்ட வாடிக்கையாளர்களுக்கும். தனக்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டும் உறை கிடையாது, வெறும் தோல். ஆளுக்குத் தகுந்தபடி கொக்கிகளைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார். நாளடைவில் ஊரே இதைப் படிக்கக் கற்றுக்கொண்டது. துணியிலிருந்து ரெக்சினுக்கு இறக்கப்பட்ட நண்பர் ஒருவர், எங்கே தப்பு நடந்தது என்று மனைவியோடு இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தார்.

யார் ஏறினாலும் முதலாளி ஒரே சொல்தான் சொல்வார். "பாத்து." இறங்கும்போதும் அதே. "பாத்து, பாத்து." தங்கள் காலைத்தான் சொல்கிறார் என்று முதல் தடவை ஏறியவர்கள் நெகிழ்ந்து போவார்கள்.

கார் வந்த ஒன்பது வருஷமும் மனைவிக்கு ரெக்சின்தான். அவள் அப்பாவுக்கும் அதுதான். அறுவை சிகிச்சை முடிந்து, சிறுநீர்ப் பையைக் கையில் பிடித்தபடி அவர் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது, முதலாளி ரெக்சினின் மேல் பழைய செய்தித்தாளையும் விரித்தார். "பையோட வர்றவங்களுக்கு ரெக்சின்தான் மாமா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். மாமனார் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இடம் இல்லாததால் அவள் பஸ்ஸில் வீடு வந்து சேர்ந்தபோது, அப்பாவின் இரண்டு மணிக்கட்டும் வீங்கிக் கிடந்தன. கேட்டதற்கு, "வழி பூரா கையை ஊனிக்கிட்டே வந்தேம்மா. முழுசா உக்காரல. மாப்பிள்ளை மனசு சங்கடப்படும்ல" என்றார். அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது, ஒருவகைப் பிடிவாதம். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உறை இல்லாமல் அந்தச் சீட்டில் உட்கார வேண்டும். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் முடிந்த நாளில் கேட்டே விட்டாள். வியாபாரிகள் சங்கத்தின் விருந்துக்கு இருவரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அடுத்த மாதம் சங்கத்தில் துணைத்தலைவர் தேர்தல், முதலாளி நிற்கிறார், நல்ல மனநிலையில் இருந்தார். "வீட்டு ஆளுக்கு எதுக்கு இதெல்லாம்" என்று சிரித்துவிட்டு, சரி போ என்று கொக்கிகளைக் கழற்றி ரெக்சினை அவள் கையில் கொடுத்தார்.

அவள் உடுப்பின் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, திறந்த கதவருகே நின்றாள். அப்போது கைபேசி அடித்தது. சங்கத் தலைவர். அவர் கார் வழியில் நின்றுவிட்டதாம். நாயை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டியாக வேண்டுமாம்.

முதலாளி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"நீ பஸ்ல வந்துடு."

கார் போய்விட்டது. அவள் ரெக்சினை மடித்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். விருந்துக்குப் போகவில்லை.

தலைவர் நின்றுபோன காரோடு இருந்துகொள்ள, அவர் நாய் வெறும் தோலில் உட்கார்ந்து போயிற்று. போன வழியில் முன்காலால் சீட்டில் மூன்று கோடுகளும் கிழித்தது. முள்கம்பியையே பார்க்காத தோல். அன்று முதலாளி அழுவார் என்று பார்த்தால், மறுநாள் சீட் கவர்க்காரர் சாயம் பூசி மறைத்துத் தருவதாகச் சொன்னதற்குக் கோபித்துக்கொண்டார். வருகிறவர்களுக்கெல்லாம் ரெக்சினைத் திரைபோலத் தூக்கிக் காட்டினார். "தலைவர் வீட்டு நாய் கீறினது. நம்மகிட்ட அவ்வளவு உரிமை." மனைவியின் நகம் பட்டிருந்தால் அது கீறல். இது கையெழுத்து.

தேர்தலில் அவருக்கு மூன்று ஓட்டு விழுந்தது. அதில் ஒன்று தன்னுடையது. மற்ற இரண்டும் யாருடையவை, தலைவருடையது அதில் உண்டா என்று யோசித்துக்கொண்டே சங்கக் கட்டடத்தின் படியில் இறங்கியவர், பாதிப் படியில் விழுந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின, பேச்சும் போயிற்று. ஒரே ஒரு சொல் மிச்சம்.

"அதிகமாப் புழங்கின சொல் சில பேருக்குத் தங்கிடும்மா" என்றார் மருத்துவர். சிலருக்குப் பிள்ளையின் பெயர் தங்குமாம், சிலருக்கு மனைவியின் பெயர். இவருக்கு எது தங்கியிருக்கிறது என்று அவர் கேட்க வேண்டியிருக்கவில்லை. கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"பாத்து."

தண்ணீருக்கும் அதுதான். வலிக்கும் அதுதான். தலைவர் ஏன் இன்னும் பார்க்க வரவில்லை என்பதற்கும் அதுவேதான் என்று அவள் ஊகித்தாள். நாயும் வரவில்லை.

வீட்டுக்கு அனுப்பிய நாளில், அவள் தானே காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வேன் ஓட்டிய கை எதையும் மறந்திருக்கவில்லை. அசல் தோலில் உறையில்லாமல் உட்கார்ந்தது அன்றுதான். வெயிலில் நின்றிருந்த கார். தோல் தொடையைச் சுட்டது. நாலு தெரு தாண்டுவதற்குள் முதுகு வேர்த்து, ஈரத் துணிபோல் ஒட்டிக்கொண்டது. இதற்கா ஒன்பது வருஷம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அவளுடைய தம்பி, அத்தானைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தான். மடியில் சிறுநீர்ப் பை. தம்பி கார்க் கதவைத் திறந்தான். பக்கத்து சீட் உறையில்லாமல் இருந்தது, மூன்று கோடுகளும் பளிச்சென்று தெரிந்தன. முதலாளியின் முகத்தில் இயங்குகிற பாதி மலர்ந்தது.

அவள் இறங்கி, டிக்கியைத் திறந்து, ரெக்சினை எடுத்து வந்தாள்.

"அக்கா, வேண்டாம்க்கா. பாவம்."

"பையோட வர்றவங்களுக்கு ரெக்சின்தான்டா. நானா போட்டேன் அந்தச் சட்டத்தை?"

ஒவ்வொரு கொக்கியாக, அவசரமில்லாமல் மாட்டினாள். சுருக்கத்தை நீவிவிட்டாள். செய்தித்தாளையும் மறக்காமல் கொண்டுவந்திருந்தாள்; விரித்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்து" என்றார், "பாத்து, பாத்து." இருவருமாகத் தூக்கி உட்கார வைத்தார்கள். காகிதம் கசங்கியது.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று மரியாதையாகச் சொல்லி, கதவைச் சாத்தினாள். காரில் மூன்றாவது சீட் இல்லாததால் தம்பி பஸ்ஸுக்குப் போனான்.

கார் நகர்ந்ததும் முதலாளி இடது கையைச் சீட்டில் ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கப் பார்த்தார். கார் பத்தடி போகும்வரைகூடத் தாக்குப் பிடிக்கவில்லை, சரிந்து காகிதத்தின் மேலேயே விழுந்தார். மறுபடி ஊன்றினார். அப்பாவுக்கு இரண்டு கை இருந்தது.

வீட்டுக்கு நேர்வழி இருந்தது. அவள் சுற்றுவழியில் திருப்பினாள்.