ஏழு கிலோ

தங்கச்செல்விக்கு அந்த விமானத்தைக் கண்டாலே ஆகாது. சிவனே என்று கிடந்த மனுசனை இரண்டு வருசமாக ஆட்டிவைத்த சனியன் அது. கிளைடர் என்று பெயர், எஞ்சின் கிடையாது. வேறொரு விமானமோ வண்டியோ இழுத்துத் தூக்கிவிட்டால்தான் மேலே போகும். திருச்சுழிக் கரிசல்காட்டுக்கு யார் வந்து இழுப்பார்கள்? அதனால் தானாகவே கிளம்புகிற மாதிரி கரண்டு மோட்டார் வைத்துவிடலாம் என்று இறங்கினார் அவள் புருசன் வீரபாண்டி. விமானப்படையில் இருபது வருசம் கிளைடர் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். மோட்டார் வேலைக்கு அருப்புக்கோட்டையில் தறி மோட்டார் கட்டுகிற சக்திகுமாரைப் பிடித்தார்.

லேசில் முடிகிற காரியமா அது? பேட்டரி கொதித்தது. மோட்டாரை விமானத்தின் முதுகுக்கு மேலே தூக்கி நிறுத்தும் இரும்புக் கை இரண்டு தடவை மடங்காமல் மக்கர் பண்ணியது. எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி எடைதான். மோட்டாரும் பேட்டரியும் இருக்கைக்குப் பின்னால் ஏறியதில் வால் பக்கம் கனத்துப்போனது. முன்னால் உட்காருகிற ஆள் எழுபது கிலோவுக்குக் குறையவே கூடாது, குறைந்தால் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும் என்று சக்திகுமார் கணக்குப் போட்டான். வீரபாண்டி எழுபத்தொன்று இருந்தார். சரியாகப் போயிற்று என்று விட்டார்கள்.

பறக்க அனுமதி வந்த அன்றைக்குத் தங்கச்செல்வி ஒரே பிடியாக நின்றாள்.

"காளியாத்தாளுக்கு நாப்பத்தெட்டு நாள் ஒரு வேளைச் சாப்பாட்டோட விரதம் இருந்துட்டு ஏறுங்க. இல்லைன்னா அந்தச் சக்கரத்துக்கு முன்னாடி படுத்துக்கிருவேன்."

மனுசன் அன்றைக்கே காப்புக் கட்டிக்கொண்டார். அந்த ஒரு வேளைக்கும் அவள் கஞ்சிதான் ஊற்றினாள்.

நாற்பத்தொன்பதாம் நாள் காலை. ஒரு மில்லுக்காரர் தரிசில் போட்டுக்கொடுத்த தார்ப்பாதையில் விமானம் ஓடியது, எழும்பியது. கும்பிட்ட கையோடு நின்ற தங்கச்செல்விக்குச் சிரிப்பே வந்துவிட்டது. ஆனால் அதன் மூக்கு தூக்கியது தூக்கியபடியே இருந்தது. சக்திகுமார் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது.

வாக்கிடாக்கியில் வீரபாண்டியின் குரல் வந்தது. "சக்தி, குச்சிய முழுசா முன்னாடி தள்ளிட்டேன். மூக்கு எறங்க மாட்டேங்குது. மோட்டார அமத்தட்டுமா?"

"அமத்திறாதீக அண்ணே. அது மேல இருந்து தள்ளுறதுனாலதான் மூக்கு இந்த அளவுக்காச்சும் அடங்கிக் கெடக்கு. அமத்துனா மல்லாந்துரும். ஓட விட்டே சுத்தி வந்து எறக்குங்க. பேட்டரி எட்டு நிமிசம் தாங்கும்."

பிறகு அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, அண்ணன் இப்ப எத்தன கிலோ?"

"எழுபத்தொண்ணுன்னு நீதானய்யா எழுதுன."

"அது விரதத்துக்கு முந்தி."

போன வாரம்தான் அவர் பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்திருந்தாள். அப்போது சாமிக்கு அடங்கிய உடம்பு என்று பெருமைகூடப் பட்டாள், பாவி.

சக்திகுமார் தலையில் அடித்துக்கொண்டான். "நானும் தெனம் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். கன்னம் ஒட்டிப்போச்சேன்னு நெனச்சேன். சாமி காரியம்னு பேசாம விட்டுட்டேனே. கணக்குல ஏத்தத் தோணலயே அக்கா."

விமானம் குடிகாரன் நடையில் தள்ளாடித் தள்ளாடி ஒரு சுற்று வந்தது. மோட்டார் இரைகிற வரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறார் என்று அந்தச் சத்தத்தையே பிடித்துக்கொண்டு நின்றாள். கடைசியில் மோட்டார் ஓட ஓடவே தரையில் மோதி, குதித்து, புழுதியைக் கிளப்பிக்கொண்டு நின்றது.

வீரபாண்டி இறங்கி நேரே அவளிடம்தான் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"நீ இருக்கச் சொன்ன விரதந்தான் செல்வி இன்னைக்கு என்னையக் காப்பாத்துச்சு. இன்னொரு நாப்பத்தெட்டு நாள் இருந்துட்டுத்தான் அடுத்து ஏறுவேன்."

சக்திகுமார் வாயைத் திறக்காமல் தரையைப் பார்த்தான். அவள் நினைத்திருந்தால் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் கையைப் பிடித்து, பாதையோரத்து மில் கொட்டகையில் பருத்திப் பொதி நிறுக்கிற தராசுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏறுங்க."

அறுபத்துநான்கு என்று காட்டியது. அந்த எண்ணுக்கு அவருக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தராசு மேலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"சாமி மேல போடாதீக. நாந்தாங்க உங்களக் கொல்லப் பாத்தேன்" என்றாள் தங்கச்செல்வி.